முதுகுத் துடுப்பைப் பார்

இசக்வாவுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு செப்டம்பர் கடைசியில். அமெரிக்காவில் சியாட்டிலுக்குக் கிழக்கே, மலையடிவாரத்து ஊர். வந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர், சாமன் மீன் ஏற ஆரம்பித்துவிட்டது, பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டு என்றார். மீன் எங்கே ஏறும் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டி வைத்தேன்.

ஊர் நடுவிலேயே, ஓடையை ஒட்டி இருக்கிறது மீன்குஞ்சுப் பண்ணை. 1936-இல் கட்டியது. பசிபிக்கிலிருந்து புறப்பட்டு, சியாட்டிலின் பாலார்ட் மதகடியில் மீன்களுக்கென்றே கட்டிய படிகளில் ஏறி, இரண்டு பெரிய ஏரிகளைக் கடந்து, தான் பிறந்த ஓடையின் வாசனையை வைத்தே சாமன் முட்டையிட இங்கே வந்து சேர்கிறது. பாதி மீன்களுக்குத் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு. குறுக்கே கட்டிய தடுப்பில் மோதி விழுந்து மறுபடியும் துள்ளுகின்றன. உள்ளே சினையை வாளியில் எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலக்கிப் பொரிக்க வைக்கிறார்கள்.

குஞ்சுகளை ஓடையில் விடுமுன் முதுகின் பின்பக்கம், வாலுக்குச் சற்று முன்னே இருக்கும் குட்டித் துடுப்பை வெட்டிவிடுவார்களாம். பெரிதானபின் தூண்டிலில் சிக்கினால் அதுதான் அடையாளம். துடுப்பு இல்லையா, பண்ணை மீன். அனுமதி உள்ள இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். இருந்தால் பெரும்பாலும் திருப்பி விட வேண்டியதுதான். விளக்கிச் சொன்ன தன்னார்வலப் பாட்டியை என் மகன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் புதிராக இருந்தது வேறு. எங்கள் ஊரிலும் குளத்தில் குஞ்சு விடுவார்கள். ஆனால் மீன்பாசி ஏலம் எடுத்தவர் காவல் போட்டிருப்பார், தூண்டிலோடு கரையில் நின்றால் விரட்டுவார். இங்கே மாநில அரசே ட்ரவுட் என்ற நன்னீர் மீனை வளர்த்து, லாரியில் கொண்டுவந்து ஏரியில் கொட்டி, வந்து பிடி என்கிறது. லைசென்ஸ் மட்டும் வாங்க வேண்டும். 90 நாள் இங்கே குடியிருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 ட்ரவுட்.

"காசு கொடுத்து வளர்த்து, ஏரியில விட்டு, திரும்பக் காசு கொடுத்துப் பிடிக்கணுமா? கடையிலயே வாங்கலாமே" என்றாள் மனைவி. நியாயம்தான்.

ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை பல ஏரிகள் திறக்கும் நாள். விடியுமுன் போயும் கரையில் இடமில்லை. மண்புழு வைத்தேன், ஒன்றும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பையன் பவர்பெய்ட் என்ற தூண்டில் இரை டப்பாவை நீட்டினான். ரோஸ் கலரில், பிசைந்த மைதா மாதிரி ஒரு நாற்றப் பசை. தொட்டியில் தீனி தின்று வளர்ந்த மீனுக்குப் புழுவைவிட அதுதான் பழக்கமாம். பத்தே நிமிடம், தக்கை முங்கியது. ஒரு சாணுக்கு மேலேயே நீளம்.

மகன் ஓடிவந்து முதுகைத் தடவினான். "அப்பா, துடுப்பு இருக்கு! விட்டுடணும்!"

மீனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, செல்போனில் விதிகளைத் தேடிக் காட்ட வேண்டியதாயிற்று: அது சாமனுக்கான சட்டம், இந்த ஏரி ட்ரவுட்டுக்குக் கிடையாது. அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டான்.

அன்று ராத்திரி புளிக்குழம்பு. கடை மீனே போதும் என்றவள் தலைத் துண்டைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.