நூறுக்குக் கீழே: என் கோல்ஃப் பயிற்சிக் குறிப்புகள்

பதினெட்டுக் குழி ஆட்டத்தை நூறு அடிகளுக்குள் முடிப்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. தொண்ணூறுக்குள் முடிப்பது எப்போதாவது நடக்கிறது. பார், அதாவது நல்ல ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகள், 72 உள்ள மைதானத்தில் இது சாதாரண ஆட்டம்தான். ஆனால் நடுவயதில் முதன்முறையாகக் கிளப் என்னும் கோல்ஃப் மட்டையைப் பிடித்த ஒருவர் இந்த இடத்துக்கு வந்து சேர ஆண்டுகள் பிடிக்கும்; எனக்கும் பிடித்தன. நேரம் எங்கே போனது, எது சீக்கிரம் கைவந்தது, எது இன்னும் பிடிகொடுக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

எதிலும் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பார்களே, முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் கற்கிறேன் என்று சொன்னதும் யாராவது ஒருவர் அந்த எண்ணை எடுத்துவிடுகிறார். அது பிறந்த இடம் இசை. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகச் சிறந்தவர்களாகக் கருதப்பட்ட மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்பது அதில் வந்த ஒரு கணக்கு. சராசரி என்றால் அந்த எண்ணைத் தொடாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றுதான் பொருள். எந்தத் துறைக்கும் அதுவே வாசற்படி என்று எரிக்சன் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அதை விதியாக்கிவிட்டார்கள்.

கோல்ஃபில் அதைச் சோதித்துப் பார்க்கவே ஒருவர் வாழ்க்கையில் சில ஆண்டுகளைக் கொடுத்தார். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் புகைப்படக்காரராக இருந்த டான் மெக்லாஃப்லின், 2010இல் வேலையை விட்டுவிட்டு, பதினெட்டுக் குழிகளை ஒருமுறைகூட முழுதாக ஆடியிராத நிலையிலிருந்து தொடங்கினார். முதல் சில மாதங்கள் அவர் கையில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் மட்டும்தான். குழியின் அருகிலிருந்து மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, ஒவ்வொரு கிளப்பாகச் சேர்த்துக்கொண்டார். பாரைவிட ஏறக்குறைய எத்தனை அடிகள் கூடுதலாகும் என்று திறனைச் சொல்லும் எண்ணான ஹேண்டிகேப் 2.6 வரை இறங்கியது; அது குறையக் குறைய நல்லது. சுமார் ஆறாயிரம் மணி நேரத்தில் முதுகு வலி அந்த முயற்சியை நிறுத்திவிட்டது. தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவில்லை என்பதால் அதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்நாள் முழுக்க ஆடியும் ஹேண்டிகேப்பை ஒற்றை இலக்கத்தில் பார்க்காதவர்கள்தான் அதிகம். முப்பது வயதில் தொடங்கிய ஒருவர் 2.6ஐத் தொட்டது பெரிய விஷயம். அவருடைய கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது முதுகைப் பற்றிய எச்சரிக்கை. கிளப்பை வீசி அடிக்கும் முழு ஸ்விங் இடுப்பையும் முதுகுத்தண்டையும் முறுக்கும் அசைவு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்துத் தள்ளுவதை நான் செய்வதில்லை.

எல்லோருக்கும் ஒரே காலம் ஆவதில்லை என்பதற்கும் கோல்ஃபில் சான்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பி 21 வயதில் கற்கத் தொடங்கிய லாரி நெல்சன் முதல் முறையே நூறுக்குள் ஆடினார். ஒன்பது மாதங்களில் எழுபதுக்குள் வந்துவிட்டார். பிற்பாடு மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் மூன்று பட்டங்கள் வென்றார். கால்வின் பீட் கிளப்பைத் தொட்டதே இருபது வயதைத் தாண்டிய பிறகு. சிறுவயதில் முறிந்த இடது முழங்கையை அவரால் முழுதாக நீட்டவே முடியாது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது கை நேராக இருக்க வேண்டும் என்பது எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரத்திலேயே சொல்லும் பாடம். அந்தக் கையோடுதான் பீட், 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில், நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரால் அடித்த பந்தை, புல் குட்டையாக வெட்டிய ஃபேர்வேயில் நிறுத்துவதில் முதலிடத்தில் இருந்தார். இவர்களை நினைத்தால் எனக்கு உற்சாகம்தான் வருகிறது. ஆனால் என் கால அட்டவணையை இவர்களை வைத்துப் போட முடியாது. பல துறைகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஒரு கட்டுரை, விளையாட்டில் ஆளுக்கு ஆள் இருக்கும் திறன் வேறுபாட்டில் சுமார் 18 சதவீதத்தைத்தான் பயிற்சியின் அளவு விளக்குகிறது என்று கணக்கிட்டது.

ஆகவே மொத்த மணி நேரத்தைக் கூட்டுவதை நான் விட்டுவிட்டேன். கோல்ஃபில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் காலம் ஆகிறது. என் குறிப்பேட்டில் அவற்றைத் தனித்தனியாகவே எழுதி வருகிறேன்.

அதிகக் காலம் தின்றது, பந்தைச் சுத்தமாகத் தொடுவது. கிளப்பின் முகமும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் எதையும் திருத்த முடியாது. திருத்த வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கிரீனை, அதாவது குழி இருக்கும் மென்புல் பரப்பை, நோக்கி அடிக்கும் அயர்ன் கிளப்பில் முக்கியமானது, ஸ்விங்கின் வளைவு தரையை எட்டும் தாழ்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்பது. பந்தைத் தொட்ட பிறகு, அதற்குச் சில சென்டிமீட்டர் தள்ளி, இலக்கின் பக்கமாக அந்தப் புள்ளி விழ வேண்டும். பந்துக்குப் பின்னால் விழுந்தால் கிளப் மண்ணை அள்ளும்; பந்து பாதித் தூரத்தில் படுத்துவிடும். வளைவு மேலே ஏறும்போது பந்தின் நடுவில் பட்டால், கைக்குள் ஒரு கூசும் அதிர்வு வரும். பந்து தரையை ஒட்டிப் பறந்து கிரீனையும் தாண்டி ஓடும்.

இதற்கு எனக்கு உதவிய பயிற்சிக்குப் பந்தே தேவையில்லை. புல்தரையில் சுண்ணத்தூளால் ஒரு கோடு போட்டு, அதை இரு கால்களுக்கும் நடுவில் வைத்து நின்று, வெறும் ஸ்விங் செய்ய வேண்டும். பிறகு குனிந்து பார்க்க வேண்டும். புல் பெயர்ந்த தடம் கோட்டிலேயே தொடங்கி இலக்கின் பக்கமாக நீண்டிருந்தால் சரி. கோட்டுக்குப் பின்னால் தொடங்கியிருந்தால், எடை இன்னும் பின்காலிலேயே நிற்கிறது. தரை பொய் சொல்லாது. ஆரம்பத்தில் என் தடங்கள் கோட்டுக்கு ஒரு கை அகலம் பின்னால் சிதறிக் கிடந்தன. பல மாதங்களுக்குப் பிறகுதான் பெரும்பாலானவை கோட்டைத் தொட்டன. இந்தப் பயிற்சியில் கவனத்தை முழங்கையிலோ மணிக்கட்டிலோ வைக்காமல், கிளப்பின் தலை கோட்டைத் தாண்டிப் போவதில் வைத்ததும் நல்ல மாற்றம் தந்தது. 1999இல் புதிதாகக் கற்பவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது: கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட, கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள்.

அடுத்த திருப்பம், பயிற்சியாளர் என் பந்துக்கூடையைப் பார்த்துச் சொன்ன ஒரு நிபந்தனை. ஒரே கிளப்பால், ஒரே இலக்கை நோக்கி இரண்டு பந்துகளைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது. டிரைவர், பிறகு ஏழாம் எண் அயர்ன், பிறகு குறுந்தூரத்துக்கான வெட்ஜ், திரும்ப டிரைவர். ஒவ்வொன்றுக்கும் புதிய இலக்கு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நின்று கோடு பார்த்து, புதிதாக நிலை எடுத்து அடிக்க வேண்டும். செய்து பார்த்தால் பயிற்சித் திடலான ரேஞ்சில் ஆட்டம் மோசமாகத் தெரியும். இருபது பந்துகளை ஒரே அயர்னால் அடிக்கும்போது, எட்டாவது பந்துக்கு மேல் எல்லாம் நேராகப் போகும், மனமும் குளிர்ந்துவிடும். மாற்றி மாற்றி அடிக்கும்போது அந்தச் சுகம் கிடையாது. ஆனால் மைதானத்தில் யாரும் நமக்கு எட்டு வாய்ப்புகள் தருவதில்லை. ஒவ்வொரு அடியும் முதல் அடி. அசைவுத் திறன்களைப் பற்றி 1979இலேயே ஷேயும் மார்கனும் செய்த சோதனை இதைக் காட்டியிருக்கிறது. கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கியிருந்தாலும், நாள் கழித்துச் சோதித்தபோது முன்னேறியிருந்தார்கள். என் ஆட்டக் கணக்கு நூறுக்குக் கீழே நிலையாக இறங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். பயிற்சி நேரம் கூடவில்லை. கூடையில் இருந்த பந்துகள் குறைந்துவிட்டன என்றுகூடச் சொல்லலாம்.

பட்டரால் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் வேறு வகை. கையில் வலு வேண்டாம், உடம்பு வளைய வேண்டாம், யாரும் சீக்கிரம் ஓரளவுக்குக் கற்றுக்கொள்ளலாம். ஓரளவுக்கு மேல் போவதுதான் கடினம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். சுமார் 2.4 மீட்டர் தூரத்திலிருந்து, பட்டரின் முகம் ஒன்றரை டிகிரி திரும்பியிருந்தாலே, தரை சமதளமாக இருந்தாலும் பந்து உள்ளே விழ வழியில்லை. அந்தத் தூரத்தில் பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டது என் மனத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் தவறவிட்டதை எல்லாம் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கிரீனிலும் நொந்துபோயிருப்பேன்.

குழியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்தில் நான்கு திசைகளில் பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சிகளான டீக்கள் நான்கை ஊன்றுகிறேன். நான்கிலிருந்தும் பந்து உள்ளே போனால் அரை மீட்டர் பின்னால் நகரலாம். ஒன்று தவறினாலும் முதல் டீயிலிருந்து மறுபடியும். மூன்று விழுந்த பிறகு நான்காவதுக்கு நிற்கும்போது உள்ளங்கை வியர்க்கும். ஆட்டத்தில் வருகிற அதே வியர்வை. அந்த நான்காவது பந்துக்காகத்தான் மற்ற மூன்றும். இதற்குப் பக்கத்திலேயே, பத்துப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து குழியின் அருகில் நிறுத்தும் பயிற்சியையும் வைத்துக்கொண்டேன். ஒரே கிரீனில் மூன்று முறை பட் செய்வது குறைந்ததற்குக் காரணம் இந்தத் தூரப் பயிற்சிதான்.

ஆனாலும் நேரத்தை எல்லாம் பட்டிங்கில் கொட்டிவிடவும் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டங்களில் அடித்த அடி ஒவ்வொன்றின் தரவையும் வைத்துக் கணக்குப் போட்டார். முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட முன்னேறிப் போவதில் பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம். கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளின் பங்கு சுமார் 40 சதவீதம். டிரைவரைக் காட்சிக்கு வைத்து, பட்டரைக் காசுக்கு வைத்துக்கொள் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதை இந்தக் கணக்கு அசைத்துவிட்டது. இதைப் படித்த பிறகு வாரப் பயிற்சியில் பெரும் பகுதியை அயர்னுக்குத் திருப்பினேன்.

முன்னேற்றத்தை அளக்கும்போதும் பொறுமை வேண்டும். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். ஆக அந்த எண், நாம் நன்றாக ஆடும் நாளைச் சொல்கிறதே தவிர, வழக்கமான நாளைச் சொல்வதில்லை. ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஒவ்வொரு வாரமும் ஆட முடியவில்லையே என்று வருந்துகிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்கிறேன். பெரும்பாலான ஆட்டங்கள் அதைவிட மோசமாக இருப்பதுதான் இயல்பு. உச்சவரம்பு 54 என்பதால், இப்போது தொடங்கியவரும் ஒரு ஹேண்டிகேப்போடு அனுபவசாலிகளுடன் சமமாகப் போட்டியிட முடிகிறது. இவ்வளவு இடம் கொடுக்கும் விளையாட்டுகள் குறைவு.

இனி எவ்வளவு ஆகும் என்று கேட்டால், என் கணிப்பு இது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு பந்துக்கும் இலக்கு வைத்துப் பயின்றால், உடல்நலம் உள்ள ஒருவர் ஓரிரு ஆண்டுகளில் நூறுக்குள் வந்துவிடலாம். அதிலிருந்து தொண்ணூறுக்கு இறங்க அதே அளவு காலமோ அதற்கு மேலோ ஆகும். ஏனென்றால் அங்கே அடியைவிட முடிவு முக்கியமாகிவிடுகிறது. மரத்துக்குப் பின்னால் நிற்கும் பந்தைப் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட மனம் ஒப்புவதற்கே எனக்கு நெடுநாள் ஆயிற்று. எண்பதுக்குக் கீழே எவ்வளவு ஆகும் என்பதை அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பங்கரில், அதாவது மணல் நிரப்பிய பள்ளத்தில், பயின்றுகொண்டிருக்கிறேன். மணலில் கிளப் பந்தைத் தொடவே கூடாது. பந்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் பின்னால் கிளப் இறங்கி, மணலோடு சேர்த்துப் பந்தைத் தூக்கிவிட வேண்டும். பயிற்சிப் பங்கரில் ஒரு கோடு கீறி, பந்து வைக்காமல், கோட்டிலிருந்து மணலை கிரீனுக்கு எறிந்து பார்க்கிறேன். எறிந்த மணல் ஒரே அளவாக விழத் தொடங்கியதும் பந்தை வைக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். இன்னும் வைக்கவில்லை.