சட்டம் போடுகிற ஆள்

ஹட்டனில் எனக்கு ஒரு சின்னக் கடை. படங்களுக்குச் சட்டம் போடுவது தொழில். கலியாணப் படம், செத்தவர் படம், சரஸ்வதி, பட்டமளிப்பு. இந்த நாலும்தான் எங்கள் வீட்டு உலையை எரிக்கின்றன.

கொழும்பில் சட்டப் பலகை விற்கும் கம்பனி ஒன்று, படச்சட்டம் போடும் போட்டி வைத்தது. அதற்குத் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்தேன். எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை 1948இல் ஒரு சட்டத்தால் பறிபோய், இலங்கையும் இந்தியாவும் எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அலைந்து வாங்கிய தாள். அதை பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார் மனுசன். ஆனாலும் தோட்டத்து லய வீட்டு ஈரம் உள்ளே போய் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. அப்படியே கண்ணாடியோடு சேர்த்து அடித்தால் கதை முடிந்தது. எங்கள் ஊர்ப் பனியில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும், தாள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தும் கூடவே வரும். அதனால் நடுவில் மவுண்ட் அட்டை வைத்தேன். அதில் கீழ் ஓரத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக விட்டேன். நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் சறுக்கி விழப்போவது போலத் தெரியும். மூலைகளை 45 பாகையில் இரண்டு தரம் வெட்டினேன். முதல் தரம் வெட்டியது இப்போது எங்கள் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மச்சான்தான், "பேப்பர்ல போட்டா கடைக்கு விளம்பரம்" என்று நிருபர் ஒருவருக்குப் போன் எடுத்துத் தந்தான். தகரத்தில் மழை. "சட்டம்… சட்டம் போடுற போட்டி" என்று கத்தினேன். படம் கேட்டார். முகம் தெளிவாக இருந்த ஒரே படம், கலியாணத்துக்கு இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில் எடுத்தது.

ஞாயிறு காலை கடையைத் திறக்கும்போதே டிக்கோயாப் பக்கத்து அம்மா ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். பொலித்தீன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"இதுக்கு ஏதாச்சும் செய்ய முடியுமா ஐயா?"

"கண்ணாடி போட்டா நல்லா இருக்கும்மா."

"கண்ணாடி போட்டாலும் எனக்குப் படிக்கத் தெரியாதே!"

தாளைப் பிரித்தேன். செத்துப்போன கணவரின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கடிதம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர். இதை ஏன் என்னிடம் கொண்டுவந்தார் என்று விழித்துக்கொண்டு நிற்கையில் ஆட்டோக்காரத் தம்பி பத்திரிகையோடு வந்தான். ஆறாம் பக்கத்தில் கோட்டும் டையுமாக நான். மேலே கொட்டை எழுத்தில்: "தேசிய சட்டப் போட்டியில் ஹட்டன் சட்டத்தரணி".

தம்பியின் கையில் பொலிஸ் எழுதிக் கொடுத்த தண்டப் பத்திரமும் இருந்தது. அவனுக்குப் பின்னால் 7 பேர்ச் காணிப் பிரச்சினையோடு இரண்டு பேர். நான் அந்த ஆள் இல்லை என்றால், "பெரிய லோயர்மார் அப்படித்தான் சொல்லுவாங்க" என்கிறார்கள்! அந்த அம்மாவுக்கு மட்டும் மச்சானை உட்கார வைத்துக் கடிதம் எழுத வைத்தேன். செய்த வினை.

போட்டி முடிவா? இங்கே ஈரத்தில் ஊறிய மரம், கொழும்பு ஏசி மண்டபத்தில் காய்ந்து சுருங்கி, மூலைகள் உள்பக்கம் வாயைத் திறந்துவிட்டன. பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழ் வந்தது. அதற்கும் நான்தான் சட்டம் போட்டேன், கைக்காசில்.

அப்புறம் நிருபருக்குப் போன் எடுத்து, "சட்டம் என்ற சொல்லே வேண்டாம் ஐயா" என்று கெஞ்சி ஒரு திருத்தம் போடச் சொன்னேன். அடுத்த ஞாயிறே போட்டுவிட்டார்: "மேற்படி நபர் சட்டத்தரணி அல்லர், படம் போடுபவர்."

அன்று பின்னேரம் பையன்கள் நாலைந்து பேர் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணே, என்ன படம்? எத்தனை மணிக்கு?"