பாங்காங் ஏரிக்கரையில் ஓட்டல் போடப் போன கதை

மாதம் ஒன்றரை வட்டி, பதினைந்து வருடத்துக்கு உத்தரவாதம், வருடத்தில் ஒரு வாரம் ஏரியைப் பார்த்த அறையில் இலவசத் தங்கல். 2024 தொடக்கத்தில் என் வாட்ஸ்அப்புக்கு வந்த விளம்பரம் இது. லடாக்கில், பாங்காங் ஏரிக்கரையில் ஐம்பது அறை ரிசார்ட்டாம். ஒரு அறைக்கு 12 லட்சம் கட்டினால் போதுமாம்.

நான் ஈரோட்டுக்காரன். ஈமு கோழியில் பணத்தைப் போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நின்ற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. 'உத்தரவாதம்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனாலும் அந்தப் படத்தில் இருந்த நீலம் என்னை விடவில்லை. "அத்தனை தூரம் போய் யாருங்க வாடகை வசூல் பண்றது?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஜவுளிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஜூனில் கிளம்பினேன்.

லே நகரமே 3,500 மீட்டர் உயரம். இறங்கியதும் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். அதில் கெத்துக் காட்டினால் ஆஸ்பத்திரிதான். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். மூன்றாம் நாள் சாங் லா கணவாயைத் தாண்டி ஐந்தாறு மணி நேரப் பயணம். ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. லுகுங், ஸ்பாங்மிக், மான், மெராக் என்று கரையோரமாகச் சிற்றூர்கள். ஏரியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம், மிச்சம் சீனாவின் கையில். 2020 மோதலின்போது இந்தப் பக்கம் சுற்றுலாவே நின்றுபோனது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

விளம்பரம் அனுப்பிய டெல்லி ஏஜென்டின் ஆள் ஒருவர் இடத்தைக் காட்டினார். புல்தரையில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் டிரைவரிடம் ஏதோ கேட்டார். "இது எங்க ஆடு மேயுற இடம், இங்க யாருக்கு ஓட்டல்னு கேக்குறாங்க" என்று டிரைவர் இந்தியில் சொன்னார். ஏஜென்டின் ஆள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லேவுக்குத் திரும்பி ஒரு வக்கீலைப் பிடித்தேன். நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான். நிலப் பதிவேடுகள் அங்கே உருதுவில் இருக்கின்றன. நகல் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "காஹ்சராய்" என்றார். நம் ஊர் பாஷையில் மேய்ச்சல் புறம்போக்கு. அதைத்தான் அறை அறையாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து ஒப்பந்தத்தை நீட்டினேன். பதினைந்து வருடக் குத்தகை, நோட்டரி முத்திரை போட்ட வெறும் முத்திரைத்தாளில். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். நம் ஊரில் வீட்டு வாடகைக்குப் பதினோரு மாத அக்ரிமென்ட் போடுவதே அதைத் தவிர்க்கத்தானே? ஊர் பேர் தெரியாத பலரிடம் பணம் திரட்டி ஒருவரே நிர்வகித்து லாபம் தருவதாகச் சொன்னால் அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு செய்ய வேண்டிய திட்டம் என்பதையும் அவர்தான் சொன்னார். 370 போன பிறகு யாரும் அங்கே நிலம் வாங்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். "வெளியூர்க்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை. அப்படி வந்துவிடக் கூடாது என்றுதான் ஊரே ஆறாவது அட்டவணை கேட்டுப் போராடுகிறது" என்றார். பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியல் சாசனப் பிரிவு அது. அந்த மார்ச்சில்தான் லடாக்கின் சமூகப் போராளி சோனம் வாங்சுக் அதற்காக 21 நாள் உண்ணாவிரதம் இருந்து முடித்திருந்தார். டீக்கடை தோறும் அதே பேச்சு. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிலம் தேடி வந்தவன் நான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். இதை முதலிலேயே ஈரோட்டில் உட்கார்ந்து போட்டிருக்கலாம். 12 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி என்றால் வருடம் 2.16 லட்சம். ஏஜென்டின் தாளில் வருடம் முழுக்க நூற்றுக்கு எழுபது அறை நிரம்புகிறது. உண்மையான சீசன் மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய, மிஞ்சினால் 140 நாள். குளிர்காலத்தில் அந்த உப்பு ஏரியே உறைந்துவிடும். 2023 பிப்ரவரியில் ஏரிப் பனி மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்ததைக் காட்டி 'குளிர்கால சீசனும் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ஐந்து மாதம் அறை நிரப்ப முடியுமா? பாதி நாள் நிரம்பினாலும் 70 இரவு, இரவுக்கு 5,000 என்றால் 3.5 லட்சம். அதில் டிராவல்ஸ் கமிஷன், ஜெனரேட்டர் டீசல், லேவிலிருந்து வர வேண்டிய காய்கறி, சம்பளம் எல்லாம் போக எனக்கு 2.16 லட்சம் எங்கிருந்து வரும்? அடுத்து ஏமாறப் போகிறவரின் 12 லட்சத்திலிருந்துதான்.

அப்படியே ஊர் திரும்பியிருப்பேன். டிரைவர்தான் தன் மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். மாமா ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரையில் சொந்தப் பட்டா நிலத்தில் நாலு அறை ஹோம்ஸ்டே வைத்திருந்தார். நான் தமிழ்நாடு என்றதும் "அடி கொல்லு, அடி கொல்லு!" என்று முழங்கினார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் அது; அவர்களோடு பழகிய பழக்கம். அன்றிலிருந்து நான் அவரை அச்சோ-லே என்றுதான் கூப்பிடுகிறேன். அங்கே அண்ணனுக்கு மரியாதையான சொல்.

அவருக்கு இன்னும் இரண்டு அறை கட்டவும், சோலாருக்கும், கட்டில் மெத்தைக்கும் பணம் தேவைப்பட்டது. நிலத்தில் எனக்கு ஒரு சென்ட் கூட வேண்டாம், ஏழு சீசனுக்கு அறை வாடகையில் பங்கு போதும் என்றேன். அவர் உடனே கை கொடுக்கவில்லை. "கோபாவைக் கேக்கணும்" என்றார். கோபா என்றால் ஊர்த் தலைவர். கோபாவோடு நடந்த ஒரு மணி நேரப் பேச்சு எந்த பேங்க் மேனேஜரிடமும் நான் பட்டிராத விசாரணை. பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கும்? வேலைக்கு எந்த ஊர்ப் பையன்கள்? கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரே சொன்னார்: இந்த ஏரிக்குள் தண்ணீர் வரும், வெளியே போக வழி கிடையாது. உள்ளே விழுந்தது உள்ளேயேதான் கிடக்கும். அதனால் புது அறைகளுக்கு மண் போட்டு மூடும் உலர் கழிப்பறைதான், ஃப்ளஷ் கிடையாது என்று முடிவானது.

அக்டோபரில் மறுபடி போய், வக்கீல் எழுதிய பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். ஆறு லட்சம், இரண்டு தவணை, எல்லாம் பேங்க் வழியாக. அன்றைய சாப்பாடு சோறும் பருப்பும். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும்; குக்கர் இல்லாவிட்டால் அரிசி வேக ரொம்ப நேரம் பிடிக்கும்.

முதல் சீசன் 2025. ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல் நடந்தது. மே மாதத்தில் லே விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. முன்பதிவு எல்லாம் வரிசையாக ரத்து. ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் மூச்சு வந்தது. செப்டம்பர் 24 அன்று லேயில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு பேர் சாவு, பிறகு ஊரடங்கு. இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டார்கள். அச்சோ-லே பத்திரமாக இருக்கிறார் என்று தெரியவே எனக்கு நாட்கள் பிடித்தன. பணத்தைப் பற்றி அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டையும் நினைத்தேன்.

அக்டோபர் கடைசியில் என் பங்கு வந்தது: 58,000 ரூபாய். கூடவே நோட்டுப் புத்தகத்தின் பதினொரு பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எந்த இரவு எத்தனை பேர், டீசல் எத்தனை கேன் என்பது வரைக்கும். குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு, மெத்தைகளைச் சுருட்டி வைத்தாயிற்றாம்.

இப்போது எங்களுக்குள் ஒரே தகராறுதான். ஃப்ளஷ் கழிப்பறை இருந்தால் வருகிற சீசனுக்கு முழு புக்கிங் தருகிறேன் என்கிறார் லேவில் ஒரு டிராவல்ஸ்காரர். ஒரு அறைக்கு மட்டுமாவது போடலாமே என்று போன வாரம் அச்சோ-லேயிடம் போனில் கேட்டுப் பார்த்தேன். "கோபாகிட்ட நீங்களே வந்து கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.