15-0, 10-15

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. சீசன் தொடங்கி ஒவ்வொரு அணியும் பத்து ஆட்டம்கூட ஆடவில்லை, அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கோப்பையை ஒருவருக்குக் கொடுத்து, இரண்டு கோச்களை வீட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. நானும் சளைத்தவன் இல்லை. ஆனால் 2024-25 சீசனில் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து நவம்பரில் வாயைத் திறக்கக் கொஞ்சம் யோசிக்கிறேன்.

அந்த சீசனில் கிளீவ்லாண்ட் முதல் 15 ஆட்டங்களையும் ஜெயித்தது. அதற்கு முந்தைய சீசனில் 48 வெற்றி பெற்ற அதே மிட்செல், கார்லண்ட், மோப்லி கூட்டணிதான், பெரிய மாற்றம் என்றால் கோச்சாக கென்னி அட்கின்சன் வந்தது மட்டும். நவம்பர் 19 அன்று பாஸ்டனில் 120-117 என்று தோற்ற பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது.

அதே நேரத்தில் இண்டியானா பேசர்ஸ் தள்ளாடிக்கொண்டிருந்தது. போன மே மாதம் கிழக்குப் பிரிவு இறுதி வரை போன அணி, முதல் 25 ஆட்டங்களில் 10தான் ஜெயித்தது. நியூயார்க்கில் அவர்களுடைய நட்சத்திர ஆட்டக்காரர் ஹாலிபர்ட்டன் எட்டுத் தடவை எறிந்து ஒன்றுகூட விழாமல், ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் வெளியே வந்தார். "போன வருஷம் அடிச்சது லக்குடா" என்று குழுவில் போட்டேன். அந்த மெசேஜை நண்பன் ஒருவன் ஸ்டார் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது எனக்கு ஜூனில்தான் தெரிந்தது.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. முதல் ஆட்டத்திலேயே மாற்று சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவர்) வைஸ்மனுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது, ஒன்பது நாள் கழித்து இன்னொரு மாற்று சென்டர் ஐசையா ஜாக்சனுக்கும் அதே காயம், போதாததற்கு நெஸ்மித்தும் நெம்ப்ஹார்டும் பல ஆட்டங்கள் வெளியே. இத்தனை பேர் இல்லாத ஒரு அணியைப் பார்த்துத்தான் நான் தீர்ப்பு எழுதினேன். அந்த 25 ஆட்டங்களுக்கு அப்புறம் மீதி 57-இல் அவர்கள் ஜெயித்தது 40.

மே மாதம் 64 வெற்றியோடு வந்த கிளீவ்லாண்டும் இதே பேசர்ஸும், கோப்பைக்கான நாக்அவுட் தொடரான பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றில் மோதின. இரண்டாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்துக்குள் கிளீவ்லாண்ட் 7 பாயின்ட் முன்னால் இருந்தது. ஹாலிபர்ட்டன் முதல் ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) போட்டார், இரண்டாவதைத் தவறவிட்டார், திரும்பி வந்த அந்தப் பந்தைத் தானே பிடித்து, வெளியே வந்து, 1.1 விநாடி மிச்சம் இருக்கும்போது த்ரீ, அதாவது தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயின்ட் ஷாட், அடித்தார். 120-119. (அன்றைக்கு கார்லண்டும் மோப்லியும் ஆடவில்லை, நியாயத்துக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.) தொடர் 4-1 என்று முடிந்தது. பேசர்ஸ் இறுதிச்சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போனார்கள், அந்த ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே ஹாலிபர்ட்டனுக்கும் அதே குதிகால் தசைநார் போய், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியிடம் கோப்பையை விட்டார்கள். அன்று மாலைதான் நண்பன் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் போட்டான்.

சரி, ஆரம்பம் எப்போதும் பொய் சொல்லும் என்றும் சொல்ல முடியாது. 8-1 (எட்டு வெற்றி, ஒரு தோல்வி) என்று தொடங்கிய பீனிக்ஸ் 36-46 என்று முடித்து பிளே-ஆஃப் பக்கமே வரவில்லை, ஆனால் 2-12 என்று தொடங்கிய பிலடெல்பியா கடைசிவரை அப்படியேதான் இருந்தது, 24-58.

அதனால் இப்போதெல்லாம் நான் வெற்றி தோல்விப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, காயத்தால் ஆடாமல் யார் பெஞ்சில் கோட் சூட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அணி எந்த மாதிரி ஷாட்டைத் தேடிப் போகிறது என்று மட்டும் பார்க்கிறேன். அதே சீசனின் முதல் இரவில் பாஸ்டன் செல்டிக்ஸ் சொந்த ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 61 த்ரீ எறிந்து 29 போட்டது. இன்னும் ஒன்று விழுந்திருந்தால் தனிச் சாதனை. ஆட்டம் எப்போதோ கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் அந்த ஒன்றுக்காக மாற்று ஆட்டக்காரர்களும் எறிந்துகொண்டே இருந்தார்கள், கடைசி 13 ஒன்றுகூட விழவில்லை. அன்று அதைப் பார்த்துச் சிரித்தேன். மே மாதம் பிளே-ஆஃபில் அதே அரங்கம், அதே நிக்ஸ், 60 த்ரீ எறிந்தார்கள். 45 வெளியே போனது. 20 பாயின்ட் முன்னிலையில் இருந்த ஆட்டம், கூடுதல் நேரத்தில் கையை விட்டுப் போனது.