சேர் தந்த கொப்பி

வரலாறு படிப்பித்த சேர் காலமானார் என்ற செய்தி வந்தபோது, ரொறன்ரோவில் கண் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு பிற்பகல்தான்.

பத்தாம் வகுப்பு, விஞ்ஞான பாடம். விழித்திரைக்கு ஏன் திரை என்று பெயர் எனக் கேட்டேன். "அப்பான்ர கடையில போய்ச் சில்லறை எண்ணு" என்று வெளியே அனுப்பினார்கள். வகுப்பே சிரித்தது. வேப்பமரத்தடியில் அழுதுகொண்டு நின்றவனிடம் சேர் வந்தார்.

"அழாதை தம்பி. ஹுனைனுக்கும் இந்தப் பேச்சுத்தான் விழுந்தது."

808இல் ஈராக்கின் ஹீராவில் பிறந்த கிறிஸ்தவர், ஹுனைன் இப்னு இஸ்ஹாக். பக்தாத்தில் மருத்துவம் படிக்கையில் ஓயாமல் கேள்வி கேட்டார். ஹீராக்காரன் போய்க் காசு மாற்றட்டும் என்று ஆசிரியர் இப்னு மாசவைஹ் துரத்திவிட்டார். அழுதுகொண்டு போனவர் சில வருடங்களில் கிரேக்கக் கவிஞர் ஹோமரைக் கிரேக்கத்திலேயே ஓதிக்கொண்டு திரும்பினார். பிறகு அதே ஆசிரியருக்கே பண்டைய கிரேக்க மருத்துவர் கலேனின் நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். பல பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்திய பின்பே மொழிபெயர்ப்பார். ஒரு நூலைத் தேடி சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எல்லாம் அலைந்தும், தமஸ்கஸில் பாதியளவுதான் கிடைத்தது.

விழித்திரையைக் கிரேக்கர் வலை என்றார்கள். அரபியில் அது 'ஷபகிய்யா', அதுவும் வலைதான். இப்படி மொழிபெயர்ப்புகளால் கண்ணைப் பற்றிப் பேச அரபிக்குச் சொற்கள் சேர்ந்தன. இருநூறு ஆண்டுக்குள், கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்ற கிரேக்க அறிஞர்கள் யூக்ளிட், தொலமியின் கூற்றை ஒளியியல் அறிஞர் இப்னுல் ஹைதம் அந்த மொழியிலேயே மறுத்தார். இதைச் சொல்லும்போது சேரின் குரல் உயரும்.

அன்றே ஒரு கொப்பி தந்தார். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் தமிழ். சில வரிகள் வெறுமை. கிரேக்க மருத்துவர் தியோஸ்கொரிதெஸின் மூலிகை நூலை அரபியாக்கிய இஸ்திபான், பெயர் தெரியாத செடிகளைக் கிரேக்கத்திலேயே விட்டாராம், பின்னால் வருபவன் நிரப்பட்டும் என்று. ஒரு நூற்றாண்டு கழித்து, 951இல் ஸ்பெயினின் கொர்தோபாவுக்கு வந்த கிரேக்கத் துறவி நிக்கொலாஸும் அவ்வூர் வைத்தியர்களும் பலவற்றை நிரப்பினார்கள்.

"படிச்சுப்போட்டு வந்து நிரப்பு, என்ன?"

"ஓம் சேர்."

படித்தேன், ஆங்கிலத்தில். போகவில்லை. இங்கே ஊர் அம்மாமார் பரிசோதனைக்கு வந்தால் கையைப் பிடித்து, "கண்ணுக்குள்ள மெல்லிய வலை ஒண்டு இருக்கு அம்மா" என்பேன். அவர்களுக்கு விளங்கும். இதை அவருக்கு ஒரு கடிதமாகவேனும் எழுதியிருக்கலாம்.

நேற்றிரவு கொப்பியை எடுத்தேன். என் கையெழுத்தில் ஒரு சொல்தான் இருக்கிறது. அந்த மரத்தடியில், சேர் பார்த்துக்கொண்டிருக்க, பென்சிலால் எழுதிய 'வலை'.