9-க்கும் 11-க்கும் நடுவுல ஒரு தாலி

"வேணும்னா ஒங்க வீட்டுக்காரரயே கேட்டுருவோமாக்கா?"

வார்டு நர்சா நான் கேட்டது இவ்ளோதான். தைராய்டு கேஸ், ஓபரேஷன் தியேட்டர்ல இருந்து போன் வந்துருச்சு, அட்டெண்டன் டிராலியோட நிக்கிறாரு, அந்தக்கா தாலிய கெட்டியா புடிச்சிக்கிட்டு கழட்டவே மாட்டேங்கிறாங்க. வேற ஓபரேஷனா இருந்தா டேப் போட்டு ஒட்டி அனுப்பலாமான்னு சிஸ்டர்கிட்ட கேட்டிருப்பேன், ஆனா இது கழுத்துல கத்தி வைக்கிற எடம், ரத்தத்த நிறுத்த சூடு வைக்கிற டயதெர்மி கரண்டுக்கு பக்கத்துல தங்கம் இருந்தா சுட்டுரும். மஞ்ச கயிறு வாங்கி கையில கட்டிக்கிறீங்களான்னேன். "தாலிய கையில யாரு மிஸ்ஸி கட்டுவா"ன்னாங்க, நியாயம்தான்.

புருஷன் பட்டர்வொர்த்ல வேலையில இருந்தாரு. ஸ்பீக்கர்ல போட்டேன். "கழட்டு லா, என்னா இப்ப"ன்னு சிரிச்சாரு. அந்தக்கா ஒண்ணும் பேசல, அவங்களே கழட்டி என் கையில குடுத்துட்டாங்க.

ஓபரேஷன் நல்லபடியா முடிஞ்சிச்சு, புகார் கிகார் ஒண்ணுமில்ல, அப்புறம் என்ன கொறைச்சல்னு கேக்கலாம். போஸ்ட் பேசிக்ல, அதான் நர்சானப்புறம் படிக்கிற மேல்கோர்ஸ்ல, 'உங்க நர்சிங் ஃபிலாஸஃபி என்ன'ன்னு எழுதச் சொன்னப்ப நான் இதத்தான் எழுதுனேன். வர்ஜினியா ஹெண்டர்சன்னு ஒரு அமெரிக்க நர்ஸ், பேஷண்டுக்கு வேணும்னு அவங்க சொன்ன 14 தேவைல ஆபத்துல இருந்து காக்குறது 9, அவங்கவங்க நம்பிக்கைப்படி கும்புடுறது 11. ரெண்டும் மோதுனப்ப பேஷண்டோட நம்பிக்கைக்குள்ளயே வழி தேடுனேன், ஒடம்பு மனசு ஆன்மா எல்லாத்தையும் சேத்துப் பாத்தேன், இப்படியெல்லாம். லெக்சரர் நல்ல மார்க்கே போட்டாங்க.

ஆனா ஒண்ணு, அவரு என்ன சொல்லுவாருன்னு போன் போடுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வேணாம்னு சொல்ற ஆளா இருந்தா நான் போனே போட்டிருக்க மாட்டேன். அந்தக்கா பயந்தது அவரு உசுருக்காக, அவரு அதக் கேட்டு சிரிக்கிறாரு, அந்த சிரிப்ப ஸ்பீக்கர்ல போட்டு வார்டுக்கே கேக்க வச்சது நான். அவங்க என்கிட்ட கேட்டது பர்மிஷனா, இல்ல சாமி கும்புட்டுக்க கொஞ்சம் டைமா? டைம் எங்கேர்ந்து குடுக்கிறது, லிஸ்ட்டுல அடுத்த கேஸ் காத்துக்கிட்டு இருக்கு. ஹெண்டர்சன் அத 1966ல புக்கா எழுதுனாங்க, எங்க வார்டுல ஒரு மார்னிங் ஷிஃப்ட் வேல பாத்துட்டு எழுதியிருந்தா 14 இருந்திருக்குமான்னு எனக்கு ஒரு டவுட்டு.

அப்படியும் சொல்லிட முடியல. வேற யாரு சொல்லியும் அந்தக்கா கழட்டியிருக்க மாட்டாங்க, டாக்டர் சொன்னாலும் சரி, நான் கெஞ்சினாலும் சரி. கேஸ் கேன்சல் ஆயிருந்தா திரும்ப தேதி கெடைக்கிறது லேசா?

சாயங்காலம் புருஷன் வந்து கட்டிவிடப் போனாரு, "கோயிலுக்குப் போய் கட்டிக்கலாம்"னுட்டாங்க. அது கோவமா, பக்தியா, தையல் வலியான்னு எனக்குப் புரியல, கேக்கவும் இல்ல.

போன மாசம் ஜூனியர் ஒருத்தி இதே மாதிரி ஒரு கேஸுக்கு என்னா பண்றதுன்னு ஓடி வந்தா. ஹஸ்பண்டுக்கு போன் போடுன்னுதான் சொன்னேன், ஸ்பீக்கர்ல மட்டும் போடாதன்னேன்.