சேதராப்பட்டில் கிடைத்த வேலை, சிப்காட்டில் மாட்டிய தேதி

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் மூன்று வருஷம் இருந்தேன். பொங்கலோடு விலகிவிட்டேன். ஏப்ரலில் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் கியூ.சி. கெமிஸ்ட், அதாவது மருந்தின் தரத்தைச் சோதிக்கும் வேலைக்கு இன்டர்வியூ.

ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள். கூப்பிட்டது ஒன்றரைக்கு. கையில் பிஸ்கட்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் மெஷின் எச்.பி.எல்.சி. அதில் பிரஷர் ஏறினால் என்ன செய்வாய் என்றார்கள். பிரிக்கும் குழாயான காலமைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன், அப்போதும் இறங்காவிட்டால் அடைப்பு அதற்கு முன்னால்தான் என்றேன். பஃபர் என்கிற உப்புக் கரைசல் ஓடிய லைனைத் தண்ணீரில் கழுவாமல் நேராக அசிட்டோநைட்ரைல் கரைப்பானை விட்டு உப்புப் படிய வைத்த கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். ரிசல்ட் லிமிட்டைத் தாண்டினால்? 'திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன்' என்று வாய்வரை வந்தது. அங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். சீனியரிடம் சொல்லணும், சொல்யூஷனைக் கொட்டாமல் வைத்து எடை, கணக்கு, ஸ்டாண்டர்ட் எல்லாவற்றையும் சரிபார்க்கணும்.

வேலை கிடைத்தது, மே முதல் வாரம் சேரணும். வம்பு அப்புறம்தான்.

எச்.ஆர். மேடம் என் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பரைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க இன்னும் பழைய கம்பெனியிலதானே இருக்கீங்க?" என்றார். நான் விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதிவே செய்யவில்லை. ரிலீவிங் லெட்டரை நீட்டினேன். கம்ப்யூட்டரில் வரணும் என்றுவிட்டார்.

சரி, சிப்காட்டுக்கே போனேன். மூன்று வருஷம் தினமும் வணக்கம் சொன்ன செக்யூரிட்டி அண்ணன், ஐடி கார்டு இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். பி.எஃப். பார்ப்பவர் லீவாம். திங்கட்கிழமை போனால் ஆடிட். மூன்றாவது தடவை ஆளைப் பிடித்தேன். "போட்டுடலாம் தம்பி, போட்டுடலாம்." ஒரு வாரம் ஆகியும் போடவில்லை.

பழைய லேப் அக்காவிடம் போனில் புலம்பினபோதுதான் தெரிந்தது: வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை நாமே போடலாம். யு.ஏ.என். தளத்தில் 'மேனேஜ்', அதற்குள் 'மார்க் எக்ஸிட்'. ஆதாரில் உள்ள நம்பருக்கு ஓ.டி.பி. வரும், ஐந்து நிமிஷ வேலை. இதற்கா மூன்று தடவை வெயிலில் அலைந்தேன்! எந்த மாதச் சம்பளத்துக்கு கம்பெனி கடைசியாக பி.எஃப். கட்டியதோ, அந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது எடுக்கும். ரிலீவிங் லெட்டரில் இருப்பதையே போடுங்கள். இரண்டு மாதம் ஆகாதவர்களுக்கு இந்த வழி இல்லை. கடைசி மாத பி.எஃப்.பை கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாகணும், அப்போதே விலகிய தேதியையும் போடச் சொல்லி மெயில் அனுப்பி வையுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

"யார் போட்டாங்க?" என்றார் மேடம். "நான்தான் மேடம்."

சேர்ந்து பத்து நாள் கழித்து சிப்காட்டிலிருந்து போன். "தம்பி, தேதி போடலாம்னு பார்த்தேன், ஏற்கெனவே இருக்கே?"